மறைப்பதும் அன்போ?

"பெரியப்பா, அவன் பொய்யா சொன்னான்? சொல்லாமல்தானே இருந்தான்!"

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் எம் தம்பி மகள் ஓர் ஆங்கிலப் புதினத்தை எம்மிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்துத் திருப்பிக் கொடுத்தபோது, கதைத்தலைவன் அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டானே என்றோம். அதற்கு அவள் அளித்த மறுமொழியே மேலே கண்டது. இந்நூலைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்த நொடியில்தான் எமக்கு எழுந்தது. அவள் கெட்டிக்காரி, நல்ல மனம் படைத்தவள். அத்தகையவள் நாவில், மறைப்பது பொய்யாகாது என்ற வாதம் இவ்வளவு எளிதாக வந்து அமர்ந்தது எப்படி?

காலின் ஹூவர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2012 டிசம்பரில் தாமே வெளியிட்ட 'ஹோப்லெஸ்' என்பது அந்நூலின் பெயர். 2013 சனவரியிலேயே அது நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை எட்டியது. இத்தகைய நூல்களைப் பதிப்புலகத்தார் 'நியூ அடல்ட்' புதினங்கள் என்று வகைப்படுத்துகின்றனர். 2009இல் செயின்ட் மார்டின்ஸ் பிரஸ் என்னும் நியூயார்க் பதிப்பகம் நடத்திய ஒரு போட்டியின் வழியே இப்பெயர் பரவியது. பள்ளிப் பருவத்தின் எல்லையில் நிற்பவர்களுக்கும், அதைக் கடந்தும் இல்லறப் பொறுப்பை ஏற்காதவர்களுக்கும் எழுதப்படும் காதற் கதைகள் இவை. சிறு வயதில் பிரிந்த இருவர் மீண்டும் சந்திப்பதும், ஒருவர் மற்றவரிடம் பெரும் உண்மை ஒன்றை மறைப்பதும், அது வெளிப்பட்டு உறவு முறிவதும், பின்னர் இருவரும் கூடுவதும் இவற்றுள் பலவற்றுக்கு வாய்பாடாகவே ஆகிவிட்டன. அந்த வாய்பாட்டில் அமைந்தவற்றுள் சிறந்தது ஒன்றையே நாம் எடுத்துக்கொள்கிறோம். தரமற்ற நூலைத் தாக்குவது எளிது. அதனால் விளையும் பயனும் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். 18 வயதை நெருங்கும் ஸ்கை என்னும் பெண், தன்னைத் தத்தெடுத்து வளர்ப்பதாகச் சொல்லும் கேரனோடு வாழ்கிறாள். வீட்டில் தொலைக்காட்சி இல்லை, தொலைபேசி இல்லை, இணையமும் இல்லை. பள்ளிப் படிப்பும் நெடுங்காலம் வீட்டிலேயே நடக்கிறது. ஒருநாள் மளிகைக் கடையில் அவளைக் கண்ட ஹோல்டர் என்னும் இளைஞன் திடுக்கிட்டு நிற்கிறான். 13 ஆண்டுகளுக்கு முன், அடுத்த வீட்டில் தன்னோடு விளையாடிய ஹோப் என்னும் சிறுமி கடத்தப்பட்டதைக் கண்டவன் அவன். அவளைக் காக்கத் தவறினோமே என்ற குற்றவுணர்வில் வளர்ந்தவன். அந்த ஹோப்தான் இந்த ஸ்கை. அவளுக்கோ தன் குழந்தைப் பருவம் நினைவில் இல்லை. அவன் ஐயுறுகிறான், பின் ஐயம் தெளிகிறான், தெளிந்த பின்னும் வாய் திறவாமல் அவள் காதலை ஏற்கிறான். இறுதியில் இன்னொரு மறைப்பும் வெளிப்படுகிறது. அவளைக் கடத்தியவள் வேறு யாருமல்லள், வளர்ப்புத் தாயாகிய கேரனே. அவள் அப்பெண்ணுக்கு அத்தை முறை உடையவள். காவல்துறையில் இருந்த தந்தை, தான் பெற்ற மகளுக்கே சொல்லத் தகாத கொடுமை இழைத்தான். அவனிடமிருந்து குழந்தையை மீட்கவே கேரன் கடத்தினாள்.

இதனை வாசிப்பவர் கண் கலங்கவே செய்வார். நாமும் கலங்கினோம். வீட்டுக்குள் நிகழும் இக்கொடுமையைக் குடும்ப மானம் என்னும் திரையிட்டு மூடிவைப்பவர் பலர் இருக்க, அத்திரையை விலக்கிக் காட்டிய துணிவை நாம் குறைத்து மதிப்பிடோம். ஆசிரியர்க்கு உரிய பாராட்டைத் தயக்கமின்றி அளிக்கிறோம்.

நூலில் படுக்கையறைக் காட்சிகள் உண்டு. நம்மவருள் பலர் இத்தகைய நூலைக் கண்டதும் அவற்றையே எண்ணிக் கணக்கெடுத்து, "கெட்ட புத்தகம்" என்று முத்திரை குத்தி, அத்துடன் தம் கடமை முடிந்ததாகக் கருதுவர். அக்காட்சிகளை நாம் போற்றவில்லை. ஆனால் வாசிக்கும் பெண் அவற்றை அவை என்ன என்று அறிந்தே வாசிக்கிறாள். அறியாமல் அவள் உள்ளத்தில் இறங்கும் நஞ்சு வேறு. உன்மேல் அன்பு கொண்டவன் உன் வாழ்வின் உண்மையை உன்னிடமிருந்து மறைக்கலாம், அவ்வாறு மறைப்பதே அவன் அன்பின் ஆழத்துக்குச் சான்று என்பதே அந்நஞ்சு. நம் வழக்கு இதனோடுதான்.

ஹோல்டரை எடுத்துக்கொள்வோம். அவன் மறைத்தது எதனை? தான் பிறரோடு முன்னர்ப் பழகியதையா? தன் கடனையா? இல்லை. அவள் யார் என்பதையே மறைத்தான். அவள் பெயர், அவள் பிறந்த வீடு, அவள் பிரிந்த நாள் ஆகிய அனைத்தும் அவன் கையில் இருந்தன. அவள் கையில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் அவள் அவனை விரும்பினாள் என்றால், எவனை விரும்பினாள்? தன்னை இன்றுதான் கண்ட ஒருவனை விரும்புவதாக எண்ணினாள். அவனோ 13 ஆண்டுகளாகத் தேடிய ஒருத்தியை விரும்பினான். ஒரே அறையில் அமர்ந்திருந்தும் இருவரும் ஒரே கதையில் இல்லை. ஒருவர் அறிந்தும் மற்றவர் அறியாதும் கொடுக்கும் இசைவு எப்படி முழு இசைவாகும்?

"அவளுக்கு அதிர்ச்சி நேரக்கூடாது என்பதற்காகத்தானே மறைத்தான்" என்பர். நம் தமிழன்பர்கள் இங்கே திருவள்ளுவரையும் துணைக்கு அழைப்பர். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவரே சொல்லவில்லையா? சொன்னார். ஆனால் அவர் இட்ட நிபந்தனையை நாம் விழுங்கிவிட்டு, கொடுத்த சலுகையை மட்டும் கைக்கொள்கிறோம். நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்றார். அடுத்த குறளிலேயே, தன் நெஞ்சறிந்த ஒன்றைக் குறித்துப் பொய் கூறியவனை அவன் நெஞ்சமே சுடும் என்றும் எச்சரித்தார். பொய் சொன்னவனுக்கே அப்பொய்யால் ஆதாயம் வருமானால் அது குற்றமற்ற நன்மை ஆகாது என்பது எம் அளவுகோல். ஹோல்டருக்கு ஆதாயம் வந்தது. உண்மை தெரிந்தால் அவள் விலகக்கூடும். தெரியாதவரை அவள் அவனுடையவள். அவளைக் காக்க மறைத்தேன் என்பவன், அவளை இழக்காதிருக்கவும் மறைத்தான்.

கேரனின் நிலை வேறு. அது எம்மைத் தடுமாறச் செய்தது. கொடியவனே காவல்துறையில் இருக்கும்போது, குழந்தையை எந்த வாயிலில் கொண்டுபோய் நிறுத்தி முறையிடுவாள்? தானும் அதே மனிதனால் இளமையில் துன்புற்றவள் அவள். குழந்தையைத் தூக்கிச் சென்ற அந்த நாளை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின் 13 ஆண்டுகள் உருண்டன. ஐந்து வயதுச் சிறுமியிடம் சொல்ல இயலாததைப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். காப்பதற்காக எழுப்பிய மதில் காலப்போக்கில் சிறையாயிற்று. வெளியுலகத் தொடர்பு அனைத்தையும் அடைத்தது குழந்தையைத் தந்தையிடமிருந்து காக்க மட்டுமோ? கேரனின் இரகசியத்தை அக்குழந்தையிடமிருந்து காக்கவும் அன்றோ? வள்ளுவர் சொன்ன குற்றமற்ற நன்மை, முதல் நாளில் அவளிடம் இருந்தது. நாள் செல்லச் செல்லத் தேய்ந்தது.

இவற்றையெல்லாம் ஆசிரியர் அறியாதவர் அல்லர். ஸ்கை சினம் கொள்கிறாள், கதறுகிறாள். ஆனால் அச்சினம் எத்தனை நாள் வாழ்கிறது? நூலின் இறுதிச் சில அத்தியாயங்களுக்குள் காதலனையும் ஏற்று, வளர்த்தவளையும் ஏற்று, அவள் வீடு திரும்பிவிடுகிறாள். வாசகரின் கண்ணீர் காயும் முன் அனைத்தும் சீராகிவிடுகின்றன. அடுத்த ஆண்டே, 2013இல், இதே கதை ஹோல்டரின் வாய்மொழியாக 'லூசிங் ஹோப்' என்று மீண்டும் வெளிவந்தது. ஏமாற்றியவன் தன் நியாயத்தைச் சொல்ல ஒரு முழு நூல்! ஏமாற்றப்பட்டவளின் சினத்துக்குக் கிடைத்தவையோ சில பக்கங்கள்.

"மன்னிப்பதைக் குறை கூறுகிறீரா? அதுவும் இத்திங்களிதழில்?" என்று வாசகர் கேட்கலாம். மன்னிப்பை நாம் குறை கூறவில்லை. மன்னிப்பையும் மீண்டும் நம்புவதையும் ஒன்றாகக் குழப்புவதையே குறை கூறுகிறோம். இவ்வேறுபாட்டை 1847ஆம் ஆண்டிலேயே ஓர் ஆங்கிலிக்கன் குருவின் மகள் தெளிவாகக் காட்டிவிட்டாள். சார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் அயர்' புதினத்தை நம்மில் பலர் கல்லூரியில் பாடமாகப் படித்திருப்போம். செல்வர் ராச்செஸ்டர் தம் இல்லத்தில் ஆசிரியையாக இருக்கும் ஏழைப் பெண் ஜேனை மணக்க விரும்புகிறார். மனநோயுற்ற தம் மனைவி அதே மாளிகையின் மேல்மாடியில் அடைபட்டிருப்பதை மறைக்கிறார். மாளிகையின் மர்மம் பற்றி ஜேன் ஐயுற்றபோது, மணமாகி ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தபின் விளக்கம் தருவதாகத் தவணை சொல்கிறார். தவணையைக் கவனியுங்கள்! உண்மையை அறிந்து மறுக்கும் வாய்ப்பு அவள் கையை விட்டுப் போனபின்தான் உண்மை வருமாம்.

கோவிலில், இத்திருமணத்துக்குத் தடை உண்டா என்று குரு கேட்கும் வழக்கமான வினாவுக்கு ஒரு குரல் விடை அளிக்கிறது, திருமணம் நின்றுபோகிறது. அவர் மனம் வருந்தி நிற்பதைக் கண்ட அக்கணமே ஜேன் அவரை உள்ளத்தில் மன்னித்துவிடுகிறாள். மன்னித்தும் அங்கே தங்கவில்லை. விடியுமுன் வெளியேறுகிறாள், வண்டியில் தன் மூட்டையையும் மறந்து, திறந்த வெளியில் படுத்து, உணவுக்குக் கையேந்தி, சாவின் விளிம்புவரை செல்கிறாள். அன்பு அவளுக்குக் குறையவில்லை. ஆனால் தன்னை ஏமாற்றியவரின் அன்பைவிடத் தன் மதிப்பு பெரிது என்று அவள் அறிந்திருந்தாள். அவள் திரும்பி வரும்போது காலம் கடந்திருக்கிறது, இருவரும் மாறியிருக்கின்றனர், மறைப்பதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. ராச்செஸ்டரின் பொய்க்கு விலை உண்டு. ஹோல்டரின் மௌனத்துக்கு விலையே இல்லை. இரு நூல்களுக்கும் இடையே உள்ள தொலைவு அதுதான்.

இத்தாலிய எழுத்தாளர் மன்சோனியின் புதினத்தையும் இங்கே நினைவுகூர்வோம். மணம் பேசப்பட்ட ரென்சோ, லூசியா என்னும் எளிய இருவரின் கதை அது. 1827இல் முதலில் வெளிவந்தது. மணம் பேசப்பட்டவர்கள் அதனை வாசிக்க வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 27ஆம் நாள் தம் பொது மறையுரையில் கேட்டுக்கொண்டார். அதில், பெருநிலக்கிழான் ஒருவனின் மிரட்டலுக்கு அஞ்சிய பங்குக் குரு இவர்களுக்கு மணம் செய்துவைக்க மறுக்கிறார். சாட்சிகளோடு திடீரென அவர் இல்லத்தில் நுழைந்து, அவர் முன் மண இசைவைச் சொல்லிவிட்டால் போதும் என்று தாய் வழி சொல்கிறாள். நியாயம் முழுவதும் காதலர் பக்கம்! அப்போதும் லூசியா தயங்குகிறாள். இவ்வழி நல்லதாயின் நம் ஆன்ம குருவிடம் ஏன் இதனை மறைக்க வேண்டும் என்று கேட்கிறாள். மறைக்க வேண்டியதாய் இருக்கிறதே என்ற அவளது உறுத்தல் நம் காலத்துப் புதினத் தலைவிகளுக்கு ஏன் வருவதில்லை?

"வெறும் கதைதானே, பொழுதுபோக்கு" என்பார்க்கும் ஒரு சொல். கதை வெறும் கதையாக நிற்பதில்லை என்பதை அமெரிக்க வாசகர்களே காட்டினர். இதே ஆசிரியரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2016இல் வெளிவந்தது. கணவனின் வன்முறையிலிருந்து மீளும் பெண்ணின் கதை. 2024இல் திரைப்படமும் ஆயிற்று. அக்கதையை ஒட்டி வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வரும் என்று 2023 சனவரியில் அறிவிக்கப்பட்டது. அடிபட்ட பெண்ணின் துயரம் வண்ணப் பென்சிலுக்குரிய விளையாட்டா என்று அந்நூலை விரும்பி வாசித்த பெண்களே கொதித்தெழுந்தனர். அறிவிப்பு உடனே திரும்பப் பெறப்பட்டது. ஆசிரியரும் வருத்தம் தெரிவித்தார். தம் விருப்ப நூலையே கேள்வி கேட்க வல்லவர்கள் இவ்வாசகர்கள் என்பதற்கு இதுவே சான்று. அவர்களை அறியாச் சிறுமியராக நடத்தாமல், அவர்களோடு வாதிடுவோம்.

ஆகவே நூலைப் பிடுங்கி எறியுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபையே 1966இல் வழக்கொழித்துவிட்டது. வீட்டில் மட்டும் அப்பட்டியலை உயிர்ப்பிப்பதால் பயன் என்ன? பிடுங்கப்பட்ட நூல் தலையணைக்கு அடியில் மறையும். பெற்றோரிடம் மறைத்து வாசிக்கும் பெண்ணுக்கு, மறைத்து நேசிப்பவனின் கதை இன்னும் நெருக்கமாகிவிடும்.

மேலும், கல்லெறியும் தகுதி நமக்கு உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்ற பழமொழியை ஹூவர் எழுதவில்லை. நம் பாட்டன்மார் சொன்னார்கள், நாம் சிரித்துக்கொண்டே பின்பற்றுகிறோம். மாப்பிள்ளையின் குடிப்பழக்கம் "எப்போதாவது நண்பர்களோடு" ஆகிறது. பெண்ணுக்கு உள்ள நோய் "சிறு வயதில் வந்தது, இப்போது இல்லை" ஆகிறது. நிலையற்ற வேலை நிலையான வேலை ஆகிறது. மூன்று முறை கோவிலில் திருமண ஓலை வாசிக்கப்படுகிறது. தடை தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்று குரு கேட்டுக்கொள்கிறார். தெரிந்தவர்கள் பீடத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கின்றனர். "நமக்கேன் வம்பு, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அவர்கள் ஆறுதல். ராச்செஸ்டரின் ஓராண்டும் ஒரு நாளும் இதுவன்றி வேறென்ன?

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098ஆம் எண் இதனைப் பற்றித் திட்டவட்டமாகப் பேசுகிறது. ஒருவரின் இசைவைப் பெறுவதற்காகவே வஞ்சகம் செய்து, இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையைக் குறித்து அவரை ஏமாற்றி மணம் முடித்தால், அம்மணம் செல்லாது. வஞ்சகத்தின் மேல் எழுப்பிய இசைவு இசைவே ஆகாது என்பதே இதன் பொருள். காதலாயினும், பெரியோர் பேசி முடித்த மணமாயினும், அடித்தளம் ஒன்றே: யாரை ஏற்கிறோம் என்று அறிந்து ஏற்பது. மறைத்துப் பெற்ற அன்பு திருடிப் பெற்ற அன்பு. பின்னர் எவ்வளவு அன்பாய் நடத்தினாலும், பெற்ற விதம் மாறாது.

இவற்றையெல்லாம் எம் தம்பி மகளிடம் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து பேசினோம். அவள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி பெரியப்பா, கேரன் என்னதான் செய்திருக்க வேண்டும்?"

"குழந்தையைத் தூக்கிச் சென்றதுவரை சரி. அதன்பின் அவள் வளர வளர, அவள் வயதுக்குத் தக்கபடி உண்மையையும் சிறிது சிறிதாகக் கொடுத்திருக்க வேண்டும். அவள் வாழ்வு அவளுடையது அல்லவா?"

சற்று நேரம் பேசாதிருந்தாள். பின் எம் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அப்படியென்றால், நம் வீட்டில் என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா?"

எமக்கு நா எழவில்லை. அவளுக்கு ஒரு வரன் பேசப்பட்டு வருவது எமக்குத் தெரியும். இரு குடும்பங்களும் இரு முறை சந்தித்தாயிற்று. அவளுக்கு மட்டும் தெரியாது. "படிப்பு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்று தம்பி சொன்னபோது நாமும் தலையசைத்தவர்களே. பொய்யா சொன்னோம்? சொல்லாமல்தானே இருந்தோம்!

அன்றிரவே தம்பியிடம் சென்றோம். "நாளை காலை முதல் வேலையாக அவளிடம் சொல், அவள் விருப்பத்தைக் கேட்டபின் மற்றதைப் பார்ப்போம்" என்றோம். அவன் தயங்கினான். "நீ சொல்லவில்லையென்றால் நான் சொல்வேன்" என்று முடித்துவிட்டு வந்தோம். அமெரிக்கப் புதினத்தைத் திருத்த நம்மால் இயலாது. நம் வீட்டுக் கதையை இன்னும் நாம்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.